பிரவுசர் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள்: எதை அழிக்கலாம், எதைத் தொடாமல் விடலாம்

ஒரு பக்கம் சரியாக வராவிட்டாலோ கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவானாலோ நமக்கு முதலில் கிடைக்கும் யோசனை "கேச்சை கிளியர் பண்ணிப் பாருங்க" என்பதுதான். சொன்னவர் போய்விடுவார். நாம் அந்தத் திரையைத் திறந்து பார்த்தால் ஏழெட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், கீழே ஒரு பொத்தான். எது எதற்கு என்று புரியாமல் எல்லாவற்றிலும் டிக் போட்டு அழுத்துகிறவர்கள் உண்டு, பயந்துபோய் மூடிவிட்டு வருஷக்கணக்கில் அந்தப் பக்கமே போகாதவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு சரக்கு, எது எந்தத் தொல்லையைத் தருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை நிம்மதியாக விட்டுவிடலாம்.

முதலில், உள்ளே என்னதான் இருக்கிறது

நீங்கள் ஒரு தளத்துக்குப் போகும்போது அதன் சின்னம், படங்கள், எழுத்துரு, பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் கோப்புகள் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்கின்றன. நாளைக்கு அதே தளத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டாம் என்று பிரவுசர் அவற்றை உங்கள் வட்டில் (டிஸ்க்கில்) ஒரு மூலையில் போட்டு வைத்துக்கொள்கிறது. இதுதான் கேச். தற்காலிகக் கோப்புகள் என்று நாம் சொல்வதில் இடத்தைப் பெருமளவு அடைப்பது பெரும்பாலும் இதுதான், ஆனால் அழித்தால் நஷ்டமே இல்லாததும் இதுதான், ஏனென்றால் வேண்டியது மறுபடி தானாக வந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்த்தால் பயம் போய்விடும். விண்டோஸில் குரோம் வைத்திருந்தால் சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அப்புறம் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட், கேச், கேச் டேட்டா என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போக வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை என்பதால் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டும்படி டிக் போட்டால்தான் தெரியும். கடைசியில் டேட்டா என்று தொடங்கி 0, 1, 2, 3 என்று முடியும் நாலு கோப்புகள், இண்டெக்ஸ் என்று ஒன்று, அப்புறம் எஃப் என்ற எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கத்தில் முடியும் கோப்புகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். எது படம், எது எழுத்துரு என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நமக்காக வைத்த பெயர்கள் இல்லை, பிரவுசர் தன் வசதிக்காக வைத்துக்கொண்டவை.

பார்த்ததோடு சரி, அங்கே கையால் எதையும் அழிக்க வேண்டாம். கேச் கோப்புறைக்கு ஒரு படி மேலே, அதே டிஃபால்ட் கோப்புறையிலேயே புக்மார்க்ஸ், ஹிஸ்டரி, லாகின் டேட்டா என்ற பெயர்களில் கோப்புகள் இருக்கின்றன. உங்கள் புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அவற்றில்தான். ஒரு படி தவறி மேலே நின்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தால் எல்லாம் போய்விடும். அழிப்பதை எப்போதும் பிரவுசருக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

இரண்டாவது, குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்பவர் கொண்டுவந்த உத்தி இது. பக்கத்தைக் கேட்டு வாங்கியதும் சர்வர், அதாவது தளத்தை வைத்திருந்து நமக்கு அனுப்பும் கம்ப்யூட்டர், நம்மை மறந்துவிடும், அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நாம் அதற்குப் புது ஆள். அந்த மறதிக்கு மருந்தாக ஒரு சின்னச் சீட்டை எழுதி நம் பிரவுசரிடமே கொடுத்து வைக்கிறது, ஒவ்வொரு முறை போகும்போதும் பிரவுசர் அந்தச் சீட்டைக் காட்டுகிறது. நீங்கள் மின்னஞ்சலைத் திறந்தவுடனே பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடுவது இதனால்தான். ஒரு குக்கீ ஏறக்குறைய 4 கிலோபைட்டுக்கு மேல் போகாது. ஆகவே வட்டில் இடம் வேண்டும் என்று குக்கீயை அழிப்பதில் பயனே இல்லை, கிடைக்கும் இடம் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது, போவதோ எல்லாத் தளங்களிலும் இருக்கும் உங்கள் லாகின்.

குக்கீகளுக்குக் காலக்கெடுவும் உண்டு. சில, பிரவுசரை மூடியதும் போய்விடும். சில, மாதக்கணக்கில் இருக்கும். குரோம் 2022 முதல் எந்தக் குக்கீக்கும் அதிகபட்சம் 400 நாள்தான் ஆயுள் என்று வரம்பு வைத்துவிட்டது, ஆனால் நீங்கள் அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் தளம் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: சைட் டேட்டா. குக்கீயில் இடம் போதாத தளங்கள் பிரவுசருக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு அலமாரி வைத்துக்கொள்கின்றன. நீங்கள் பாதியில் விட்ட படிவம், இணையம் இல்லாமலும் படிக்க வைத்துக்கொண்ட ஆவணங்கள், விளையாட்டில் எந்தக் கட்டம் வரை வந்தீர்கள் என்ற கணக்கு எல்லாம் இங்கே இருக்கலாம். கேச் போல இது மறுபடி தானாக வரும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இதில் இருப்பவற்றுக்குச் சில சமயம் வேறு எங்குமே பிரதி கிடையாது. அழிக்கும் திரையில் இது குக்கீயோடு சேர்ந்து ஒரே கட்டமாகத்தான் வரும், அதுதான் வினை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அக்கா இரண்டு நாள் சாயங்காலமாக உட்கார்ந்து ஒரு நீளமான வேலை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் இழுக்கிறது, கொஞ்சம் பார் என்று என்னிடம் சொன்னாள். நான் அழிக்கும் திரையைத் திறந்து, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, ஆல் டைம் என்று தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டேன். அந்தத் தளம் பாதி நிரப்பிய படிவத்தை சர்வருக்கு அனுப்பாமல் பிரவுசரிலேயே வைத்திருந்திருக்கிறது. மறுநாள் அவள் திறந்தபோது பெயர்கூட இல்லாத வெற்றுப் படிவம். சேமித்திருந்த பாஸ்வேர்டுகளும் போயிருந்தன. அவள் மறுபடி முதலிலிருந்து நிரப்ப நான் பக்கத்தில் உட்கார்ந்து சான்றிதழ் எண்களைப் படித்துச் சொன்னேன். கம்ப்யூட்டரின் இழுப்போ கொஞ்சமும் குறையவில்லை, காரணம் வேறு எங்கோ இருந்தது.

மற்றவை சுலபம். ஹிஸ்டரி என்பது நீங்கள் போன பக்கங்களின் பட்டியல். ஆட்டோஃபில் என்பது பெயர், முகவரி போன்றவற்றைத் தானாக நிரப்பித் தருவது. பாஸ்வேர்டு, சொல்லவே வேண்டாம். டவுன்லோடு ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கும், அது இறக்கியவற்றின் பட்டியலை மட்டும்தான் அழிக்கும், இறக்கிய கோப்புகள் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே இருக்கும்.

அழிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

ஒரு தளத்தில் பழைய தகவலே வருகிறது, படம் உடைந்து தெரிகிறது, பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நேராக அழிக்கப் போக வேண்டாம்.

ஏன் பழையது வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு கோப்பையும் அனுப்பும்போது சர்வர் "இதை இத்தனை நேரம் வரை வைத்திருக்கலாம்" என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்புகிறது, கணக்கு விநாடியில். மாறாத கோப்புகளுக்கு 31536000 விநாடி என்று போடுவார்கள், அதாவது சரியாக 365 நாள். கெடு தீர்ந்த பிறகு பிரவுசர் சர்வரிடம் "என்னிடம் இருப்பது இன்னும் செல்லுமா" என்று கேட்கும், மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்பும், கோப்பை மறுபடி அனுப்பாது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் தளத்தை நடத்துபவர் ஒரு கோப்பின் பெயரை மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிவிட்டால், கெடு தீராத பழைய கோப்பை வைத்துக்கொண்டு நம் பிரவுசர் புதுப் பக்கத்தைக் காட்டப் பார்க்கும். பழையதும் புதியதும் ஒட்டாமல் பக்கம் கோணலாகிவிடும்.

இதற்கு மருந்து ஒரே விசைச் சேர்க்கை. அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும், கன்ட்ரோலும் எஃப் 5உம் சேர்த்தாலும் அதே பலன். மேக் என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், சஃபாரியில் மட்டும் ஆப்ஷன், கமாண்ட், ஆர். இது கேச்சைக் கண்டுகொள்ளாமல் அந்தப் பக்கத்தை முழுக்கப் புதிதாகக் கொண்டுவரும். பக்கம் கோணலாக வருவதில் பெரும்பாலானவை இதோடு சரியாகிவிடும்.

அதற்கும் மசியவில்லையா, அடுத்தது தனி விண்டோ, அதாவது இன்காக்னிட்டோ, பிரைவேட் என்றெல்லாம் சொல்வது. குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. புதிதாகத் திறக்கும் தனி விண்டோ பழைய கேச்சையும் குக்கீயையும் எடுத்துக்கொள்ளாது, ஆகவே இது ஒரு நல்ல பரிசோதனைக் கூடம். அதே முகவரியை அங்கே திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கும் கோப்புகளிலோ நீங்கள் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்களிலோ (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்கள்) இருக்கிறது. அங்கேயும் கோணலாக வந்தால் கோளாறு அனேகமாகத் தளத்தில், நீங்கள் எதை அழித்தும் பயனில்லை, காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஒரு நிமிஷச் சோதனை எத்தனையோ பேரின் லாகின்களைக் காப்பாற்றியிருக்கும்.

ஒரே ஒரு தளத்தை மட்டும் துடைப்பது

தனி விண்டோவில் சரியாக வருகிறது, சாதாரண விண்டோவில் வரவில்லை. அப்போதும் மொத்தத்தையும் அழிக்கத் தேவையில்லை, அந்தத் தளத்தின் சரக்கை மட்டும் எடுத்தால் போதும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

குரோமில் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் ஒரு சின்ன ஐகான் இருக்கும். முன்பு பூட்டுப் படம் இருந்தது, 2023இலிருந்து இரண்டு கோடுகளில் இரண்டு வட்டம் நகர்த்தி வைத்தது போன்ற படம். அதைக் கிளிக் செய்து குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா என்பதற்குள் போனால் அந்தத் தளம் வைத்திருப்பவற்றை நிர்வகிக்கும் இடம் வரும், தளப் பெயருக்கு நேரே ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். அதை அழுத்தி, முடிந்தது என்று கொடுத்து, பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். எட்ஜிலும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஃபயர்பாக்ஸில் முகவரிக்குப் பக்கத்திலுள்ள ஐகானைக் கிளிக் செய்தால் கிளியர் குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா என்று நேரடியாகவே வரும். சஃபாரியில் செட்டிங்ஸ், பிரைவசி, மேனேஜ் வெப்சைட் டேட்டா என்று போய்த் தளத்தின் பெயரைத் தேடி ரிமூவ் கொடுக்க வேண்டும்.

இதில் அந்தத் தளத்தில் மட்டும் நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள், அங்கே பாதியில் விட்ட படிவம் எதுவும் இருந்தால் அதுவும் போகும். ஆகவே அழுத்துவதற்கு முன் அந்தத் தளத்தின் பாஸ்வேர்டு கைவசம் இருக்கிறதா, அங்கே முடிக்காமல் விட்ட வேலை ஏதாவது உண்டா என்று ஒரு கணம் யோசித்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக அழிக்க வேண்டி வந்தால்

வட்டில் இடமே இல்லை, அல்லது பல தளங்கள் ஒரே சமயத்தில் கோணலாக வருகின்றன என்றால் செய்யலாம். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றுக்குமே கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அழிக்கும் திரை நேராகத் திறக்கும். மெனுக்களில் தேடி அலைய வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறினாலும் இந்தச் சேர்க்கை மாறுவதில்லை.

1. மேலே டைம் ரேஞ்ச் என்று இருக்கும். நேற்று வரை நன்றாக இருந்து இன்றைக்குத்தான் தகராறு என்றால் கடைசி 24 மணி நேரம் என்பது போதும். இடத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் மட்டும் ஆல் டைம்.

2. எல்லா டிக்குகளையும் முதலில் எடுத்துவிடுங்கள். பிரவுசர் தானாகவே சிலவற்றில் டிக் போட்டு வைத்திருக்கும், அதை நம்பி அழுத்திவிடக் கூடாது.

3. கேச்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ் என்பதில் மட்டும் டிக் போடுங்கள். ஃபயர்பாக்ஸில் டெம்பரரி கேச்டு ஃபைல்ஸ் அண்ட் பேஜஸ் என்று இருக்கும். பக்கத்திலேயே எத்தனை மெகாபைட் என்றும் பல பதிப்புகளில் காட்டும்.

4. பாஸ்வேர்டு, ஆட்டோஃபில், சைட் செட்டிங்ஸ் என்று வரும் எதையும் தொட வேண்டாம். குரோமில் இவை அட்வான்ஸ்டு என்ற இரண்டாவது டேபில் இருக்கும், புதிய பதிப்புகளில் இடம் மாறியிருக்கலாம், எங்கே இருந்தாலும் தொட வேண்டாம்.

5. அழிக்கும் பொத்தானை அழுத்தி, பிரவுசரை முழுக்க மூடித் திறங்கள். கேச் பெரிதாக இருந்தால் சில விநாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவில் மூட வேண்டாம்.

சஃபாரிக்காரர்களுக்கு வழி கொஞ்சம் சுற்று. செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு என்பதற்குப் போய், டெவலப்பர்களுக்கான வசதிகளைக் காட்டு என்பதில் டிக் போட்டால் மேலே மெனுப் பட்டையில் டெவலப் என்று ஒன்று புதிதாக வரும், அதில் எம்ப்டி கேச்சஸ் இருக்கிறது. ஆப்ஷன், கமாண்ட், இ என்பது அதன் குறுக்குவழி.

கூகுள் கணக்கில் உள்நுழைந்து சிங்க் (கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் ஒரே தகவலை வைத்திருக்கும் வசதி) போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கேச்சும் குக்கீயும் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் அழியும். ஹிஸ்டரி, பாஸ்வேர்டு போன்றவை அப்படியில்லை, அவற்றை இங்கே அழித்தால் கணக்கிலிருந்தே அழிந்து உங்கள் ஃபோனிலும் காணாமல் போகும். "ஃபோனில் இருக்கிறதே, அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று நம்பி அழிக்காதீர்கள்.

கேச்சை மட்டும் அழித்தால் பெரிதாக எதையும் உணர மாட்டீர்கள், அன்றைக்கு நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளமும் முதல் தடவை சற்று நிதானமாக வரும், அவ்வளவே. குக்கீயையும் சேர்த்து அழித்திருந்தால் எல்லாத் தளமும் மறுபடி லாகின் கேட்கும், சில தளங்கள் உங்களைப் புது ஆளாக நினைத்து ஃபோனுக்கு ஓடிபி அனுப்பும், ஏற்கெனவே பதில் சொல்லி மூடிய குக்கீ அனுமதிப் பலகைகள் எல்லாம் திரும்ப வந்து நிற்கும். இது தவறு நடந்ததன் அடையாளம் இல்லை, தளங்கள் நம் பிரவுசரிடம் கொடுத்து வைத்த சீட்டு போனதன் விளைவு.

இடமும் வேகமும்

கேச் வளர்ந்துகொண்டே போய் வட்டையே விழுங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. ஒவ்வொரு பிரவுசரும் கேச்சுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது, அது நிறைந்ததும் நெடுநாள் தொடாத கோப்புகளாகப் பார்த்துத் தானே தூக்கிப் போட்டுவிடும். ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபௌட், ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டிக் கேச் என்று டைப் செய்து என்டர் தட்டினால் எத்தனை கோப்புகள், எவ்வளவு இடம், உச்சவரம்பு எவ்வளவு என்று ஒரு சின்ன அறிக்கையே வரும்.

ஒரே எழுத்துருவைப் பத்துத் தளங்கள் பயன்படுத்தினாலும் இப்போது பத்துப் பிரதிகள் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு ஒரே பிரதியை எல்லாத் தளங்களும் பகிர்ந்துகொண்டன. ஆனால் உங்கள் கேச்சில் ஒரு கோப்பு இருக்கிறதா இல்லையா என்று வேகத்தை அளந்து பார்த்தே நீங்கள் வேறு எந்தத் தளத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க வழி இருந்தது. அதை அடைக்க 2020இல் குரோமும் 2021இல் ஃபயர்பாக்ஸும் தளத்துக்குத் தளம் கேச்சைப் பிரித்துவிட்டன. கொஞ்சம் இடம் கூடுதலாகப் போகிறது, நம் அந்தரங்கம் காக்கப்படுகிறது. எனக்கு இது நல்ல பேரமாகத்தான் படுகிறது.

சரி, கேச் காரணமில்லை என்றால் பிரவுசர் ஏன் இழுக்கிறது? பெரும்பாலும் திறந்து வைத்த டேபுகள், அப்புறம் எக்ஸ்டென்ஷன்கள். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள், பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் சாப்பிடுவது மேலே வந்து நிற்கும். எப்போதோ போட்டு மறந்த ஒரு எக்ஸ்டென்ஷன் அங்கே முதலிடத்தில் இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அக்காவின் கம்ப்யூட்டரிலும் கடைசியில் அதுதான் கதை: படங்களைத் திருத்த என்று போட்ட ஒரு எக்ஸ்டென்ஷன், அவள் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தியிருந்தாள், அது பாட்டுக்கு எல்லா டேபிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நீக்கிய அன்றே இழுப்பு நின்றது. நான் அந்த இரண்டு விசைகளை முதலிலேயே அழுத்தியிருந்தால் அவள் விண்ணப்பம் தப்பியிருக்கும்.

இடம்தான் பிரச்சினை என்றால் டவுன்லோட்ஸ் கோப்புறையைப் பாருங்கள். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் என்றைக்கோ நிறுவி முடித்த மென்பொருள்களின் நிறுவல் கோப்புகள், ஒரே பிடிஎஃப்பின் மூன்று பிரதிகள், பார்த்து முடித்த வீடியோக்கள் எல்லாம் மேலே வரும். பிரவுசர் அழிக்கும் எந்தக் கட்டத்துக்கும் இந்தக் கோப்புறை கட்டுப்படாது, நாமேதான் பார்த்து அழிக்க வேண்டும்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் டெம்பரரி ஃபைல்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ் என்ற வரியைப் பார்த்து, அழித்தால் குரோமின் கேச்சும் போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்துப் பெயர், அந்தப் பிரவுசரே 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. குரோமுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் அவரவர் திரையில்தான் அழிக்க வேண்டும். விண்டோஸின் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும், அதில் டிக் விழுந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து தருகிறேன் என்று வரும் தனி மென்பொருள்கள் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பிரவுசரிலேயே இருக்கும் வசதிக்கு வெளியாள் எதற்கு? 2017இல் உலகம் முழுக்கப் பிரபலமாக இருந்த சிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே யாரோ தீநிரலை நுழைத்துவிட்டார்கள், அது அதிகாரபூர்வ தளத்திலிருந்தே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நம்பகமான பெயருக்கே அந்தக் கதி என்றால், திடீரென்று திரையில் குதித்து "உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறு" என்று சொல்லும் முகம் தெரியாத மென்பொருளை எப்படி நம்புவது?

வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்

ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் பயன்படுத்தும் வீட்டில் ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது அழித்துவிட்டுப் போவது சரிப்பட்டு வராது, ஒருவர் தன்னுடையதை அழிக்கப்போய் மற்றவருடையதும் போகும். ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு உருவாக்கிக்கொள்வதுதான் நல்லது, பாஸ்வேர்டோடு. அது முடியாவிட்டால் பிரவுசரிலேயே ஆளுக்கொரு புரொஃபைல் வைக்கலாம், புக்மார்க், குக்கீ, கேச் எல்லாம் தனித்தனியாக இருக்கும், ஆனால் ஒருவர் மற்றவர் புரொஃபைலைத் திறக்கத் தடையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அவசரத்துக்கு ஒருவர் வந்து மெயில் பார்க்கிறேன் என்றால் கெஸ்ட் புரொஃபைலையோ தனி விண்டோவையோ திறந்து கொடுங்கள். மூடியதும் அந்த விண்டோவின் குக்கீ, கேச், ஹிஸ்டரி எல்லாம் போய்விடும். எல்லாத் தனி விண்டோக்களையும் மூட வேண்டும், ஒன்று திறந்திருந்தாலும் லாகின் உயிரோடு இருக்கும். அங்கிருந்து இறக்கிய கோப்பும் போட்ட புக்மார்க்கும் மூடிய பிறகும் தங்கிவிடும். அலுவலகத்திலோ கல்லூரியிலோ இருந்தால் அங்கே நெட்வொர்க்கை நடத்துகிறவர்களிடமிருந்தும் இணைய இணைப்பு தருபவரிடமிருந்தும் தனி விண்டோ எதையும் மறைக்காது.

மற்றவர்களும் உட்காரும் கம்ப்யூட்டரில் பணம் கட்டும் தளத்தைத் திறந்தால் விண்டோவை மூடுவதோடு விட்டுவிடாமல் லாக் அவுட் அழுத்திவிட்டு மூடுங்கள். லாக் அவுட் செய்தால் நீங்கள் போய்விட்டீர்கள் என்று சர்வருக்கும் தெரியும்.

தினமும் கையால் அழிக்க அலுப்பாக இருக்கிறது, ஆனால் சரக்கு சேரவும் கூடாது என்பவர்கள் பிரவுசரை மூடும்போது தானாக அழிக்கும்படி வைக்கலாம். எட்ஜில் பிரைவசி பகுதியில், மூடும் ஒவ்வொரு முறையும் எதை அழிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் மூடும்போது குக்கீயையும் சைட் டேட்டாவையும் அழி என்பதில் டிக் போட்டு, பக்கத்திலுள்ள விதிவிலக்குப் பட்டியலில் நீங்கள் லாகினில் இருக்க விரும்பும் இரண்டு மூன்று தளங்களைச் சேர்த்துவிடுங்கள். குரோமிலும் சைட் டேட்டா அமைப்பில் இதே போன்ற வழி உண்டு. பிரவுசரை மூடுவதற்கு முன் விதிவிலக்கைச் சேர்த்துவிட வேண்டும், மறந்தால் அன்று ராத்திரி மூடும்போதே எல்லா லாகினும் போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால், தொல்லை இல்லாதவரை கேச்சைத் தொடவே தேவையில்லை. நான் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை டவுன்லோட்ஸ் கோப்புறையை ஒதுக்குகிறேன், எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பார்க்கிறேன், அப்புறம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் எந்தத் தளம் எவ்வளவு வைத்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து அளவு வாரியாக வரிசைப்படுத்துகிறேன். போன தடவை மேலே இருந்தது நான் ஒரே ஒரு சாயங்காலம் விளையாடிப் பார்த்த ஒரு விளையாட்டுத் தளம், பல நூறு மெகாபைட். அதற்கு நேரே இருந்த குப்பைத்தொட்டியை அழுத்தினேன், மற்ற எதையும் தொடவில்லை, எந்தத் தளமும் என்னிடம் பாஸ்வேர்டு கேட்கவில்லை.